மடித்துத் தைத்த மூலை

பவானிக்குப் புறப்பட்ட அன்று எங்களிடம் ஒரு பையும் ஒரு மூட்டையும் இருந்தன. பையில் எள், பச்சரிசி, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. அப்பாவின் முதல் வருடத் திதிக்கு. மூட்டையில் ஜமக்காளம். முழங்கால் வலியால் அம்மா வரவில்லை. அதற்குப் பதிலாக, தன் பழைய நூல் சேலையில் ஜமக்காளத்தைக் கட்டி என் மடியில் வைத்துவிட்டார். "ஓரம் பிரிந்துகொண்டே வருகிறது. நெய்த ஊருக்கே போகிறீர்கள், கொடுத்து ஓரம் கட்டி வாங்கி வந்துவிடு" என்றார். திதி கொடுக்கப் போகிறவர்கள் படுக்கையையும் சுருட்டிக்கொண்டு போவார்களா என்று தம்பி கேட்டான். அம்மா பதில் சொல்லவில்லை. முடிச்சை இன்னொரு முறை இறுக்கினார், அவ்வளவுதான்.

அந்த ஜமக்காளத்துக்கு எங்கள் வீட்டில் தனி மரியாதை உண்டு. அம்மாவின் கல்யாணத்துக்கு அவரைப் பெற்ற அப்பிச்சி சீராகக் கொடுத்தது. பீரோ போனது, கட்டில் போனது, பித்தளைக் குடம் இரண்டு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஜமக்காளம் மட்டும் இருக்கிறது. "கடையில் தொங்கியதை வாங்கிவந்தது இல்லை. எங்கள் அப்பா பவானிக்கே போய், இந்த நிறம் இத்தனை விரல் அகலம் என்று சொல்லி, மூலையில் தன் பெயர் எழுத்தும் போட்டு நெய்யச் சொன்னார்" என்று வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அம்மா சொல்லுவார். எழுத்தை நானோ தம்பியோ பார்த்ததில்லை. நாங்கள் பிறக்கும் முன்பே அந்த மூலை நைந்துபோய்விட்டதாம். அப்பத்தா அதன்மேல் கோடு போட்ட சட்டைத் துணி ஒன்றை வைத்துச் சுற்றிலும் தைத்துவிட்டார். சின்ன வயதில் அந்தத் துணிமேல்தான் தலை வைத்துப் படுப்பேன். மற்ற இடமெல்லாம் கன்னத்தில் குத்தும்.

காங்கயத்துப் பக்கத்திலிருந்து ஈரோடு வந்து பஸ் மாறினோம். அங்கிருந்து பவானி சுமார் 15 கிலோமீட்டர். நடத்துநர் மூட்டையைக் காட்டி என்ன சரக்கு என்று கேட்டார். ஜமக்காளம் என்றேன். "பவானிக்கே ஜமக்காளம் கொண்டுபோகிறீர்களா?" என்றார். கொல்லத் தெருவில் ஊசி விற்க வந்தவர்களைப் போல இருக்கையிலிருந்த நாலைந்து பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி ஜன்னல் வழியாக வெளியே பார்க்கத் தொடங்கியவன் ஊர் வரும்வரை தலையைத் திருப்பவில்லை. மூட்டைக்கு டிக்கெட் போடாமல் விட்டதற்காக அந்த நடத்துநரை நான் மன்னித்துவிட்டேன்.

காலிங்கராயன்பாளையத்தைத் தாண்டும்போது வேகம் குறைந்தது. இந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வியப்பு வரும். நீலகிரியில் பிறந்து, மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம், கோபி என்று இத்தனை தூரம் வந்த பவானி ஆறு காவிரியில் கலந்து பெயர் இழக்கக் கூப்பிடு தூரம்தான் இருக்கிறது. அந்தக் கடைசி இடத்தில் அணை கட்டி, தண்ணீரைத் தெற்கே திருப்பியிருக்கிறான் ஒருவன். 13ஆம் நூற்றாண்டு. காலிங்கராயன் வாய்க்கால் இங்கே புறப்பட்டு, காவிரிக்குப் பக்கவாட்டிலேயே ஈரோடு வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர் ஓடி நொய்யலைத் தொடுகிறது. நேராகப் போகாது. பாம்பு ஒன்று முன்னால் ஊர்ந்து வழிகாட்ட அதன் தடத்திலேயே வெட்டினார்கள் என்று கதை. மேடு பள்ளம் பார்த்து, தண்ணீர் வேகம் எடுக்காமல் வயலில் ஏறிப் பாய வளைத்து வளைத்து வெட்டிய மனிதனின் மூளையை நம்புவதைவிடப் பாம்பை நம்புவது நம் ஆட்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

பாலத்தில் ஏறியதும் வடக்கே ஊராட்சிக்கோட்டை மலை தெரிந்தது. அதற்கும் பின்னால், மழை கழுவிய காலையென்பதால், பாலமலை நீலமாக ஒரு நீண்ட கோடு. பவானியை ஐந்து மலைகளுக்கு நடுவில் இருக்கும் தலம் என்பார்கள். வேதகிரி, சங்ககிரி, நாககிரி, மங்களகிரி, பதுமகிரி. வேதகிரி என்பதுதான் இந்த ஊராட்சிக்கோட்டை மலை, நாககிரி திருச்செங்கோடு. ஊர்க்காரர்கள் இந்தப் பெயர்களைப் பயன்படுத்துவதில்லை. "மேகம் பாலமலைமேல் இறங்கியிருக்கிறது" என்றுதான் பஸ்ஸில் ஒருவர் சொன்னார். மலை இங்கே புண்ணியத்துக்கு ஐந்து, மழை பார்க்க ஒன்று.

ஆறுகள் சேரும் கூடுதுறையில் திதி கொடுத்த வேலையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சங்கமேசுவரர் கோயில் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் ஆப்பு அடித்ததுபோல நிற்கிறது. கிழக்கே காவிரி, மறுபக்கம் பவானி, கண்ணுக்குத் தெரியாமல் மூன்றாவதாக அமுத நதி. சம்பந்தர் பாடியபோது இந்த இடத்துக்குத் திருநணா என்று பெயர். புரோகிதர் அவசரக்காரர், எங்களோடு இன்னும் மூன்று குடும்பங்களை உட்கார வைத்து ஒரே மூச்சில் மந்திரம் சொன்னார். நான்கு குடும்பத்துப் பித்ருக்களும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். தம்பி எள்ளும் தண்ணீரும் விட்டான். அவன் கை நடுங்கியதைப் பார்த்து நான் முகத்தைக் காவிரிப் பக்கம் திருப்பிக்கொண்டேன். எதிர்க்கரையில் குமாரபாளையம்.

படித்துறையில் என்னை உறுத்தியது துணி. பரிகாரம் செய்கிறவர்கள் கட்டியிருக்கும் வேட்டியை, சேலையை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். கடைசிப் படியில் பச்சை நிறச் சேலை ஒன்று பாசியோடு பாசியாகச் சிக்கிக் கிடந்தது. அதன் கரை மட்டும் தண்ணீரில் ஏறி இறங்கியது. நாலு தெரு தள்ளி ஒருவர் நூலைக் கணக்குப் பார்த்து நெய்துகொண்டிருக்கும் ஊரில், ஆற்றங்கரையில் துணிக்கு இந்தக் கதி.

கோயிலுக்குள் தம்பி ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றான். வேதநாயகி அம்மன் சன்னதிக்கு எதிரே மதிலில் மூன்று துளைகள். வில்லியம் கரோ என்ற ஆங்கிலேயக் கலெக்டர் பவானியில் தங்கியிருந்தபோது, ஓர் இரவு சிறுமி ஒருத்தி கையைப் பிடித்து வெளியே அழைத்துப்போக, அவர் வெளியே வந்ததும் பங்களா இடிந்து விழுந்ததாம். வந்தது அம்மன்தான் என்று உள்ளே போய்க் கும்பிட அவருக்கு அனுமதி இல்லை. வெளியிலிருந்தே பார்க்கச் சுவரில் துளை போட்டுக் கொடுத்தார்கள். அவர் நன்றியாகக் கொடுத்த தந்தக் கட்டில் 1804ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோயிலில் இன்னும் இருக்கிறது. உயிரைக் காப்பாற்றியவளைத் துளை வழியாகத்தான் பார்க்க முடிந்தது என்பதில் அந்த மனிதருக்கு வருத்தம் இருந்திருக்காதா என்று யோசித்தேன். தம்பி துளையில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் தெரிகிறது" என்றான். பிறகு இளநீர் குடித்தோம். வங்கி வேலை ஒன்று இருப்பதாகச் சொல்லி அவன் கழன்றுகொண்டான். மூட்டை என்னுடையதாயிற்று.

கோயிலிலிருந்து வடக்கே நடந்தால் கடைவீதி. அதிலிருந்து காவிரியைப் பார்த்து இறங்கும் குறுக்குத் தெருக்கள்தான் பழைய பவானி. தெரு ஆற்றைப் பார்த்துச் சரிகிறது. நடக்கும்போது பாதத்துக்குத் தெரியும். வீடுகள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கின்றன. நாட்டு ஓடு, தேய்ந்த திண்ணை, இடுப்புயரத்துக்குச் சாயம் மங்கிய கதவுகள். நடுநடுவே பழையதை இடித்துக் கட்டிய மாடி வீடுகள், ஓடையில் நின்ற லாரி மாதிரி. தெரு முனையில் காவிரி ஒரு துண்டு தெரிகிறது. மறுமுனையில் திரும்பி நின்றால் ஊராட்சிக்கோட்டை மலை. நடுவில் பத்து நிமிட நடை.

இந்தப் பகுதியில் பசுவேஸ்வரர் வீதி என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டதும் எனக்குப் பசுமாடுதான் நினைவுக்கு வந்தது. கர்நாடகத்தில் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பசவேசுவரரை நம் நாக்கு அப்படி வளைத்துக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காரணம், பவானியில் ஜமக்காளத்தை முதலில் நெய்தவர்கள் என்று சொல்லப்படும் ஜங்கமர்கள் அவரைக் குருவாகக் கொண்ட வீரசைவ மரபைச் சேர்ந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத்துணி வந்து குவிந்து கைத்தறிக்காரன் சோற்றில் மண் விழுந்தபோது, அவர்கள் மெல்லிய துணியில் மல்லுக்கட்டாமல் தடித்த நூலுக்கு மாறினார்கள். இங்கிலாந்து ஆலைக்காரனுக்கு நம் ஊர்ப் பந்தியும் பஞ்சாயத்தும் தெரியாது. தரையில் விரிக்க, வருடக்கணக்கில் தாங்க, துவைத்து ஆற்று மணலில் காயப்போட ஒரு விரிப்பு வேண்டும் என்பது தெரியாது. கொங்குச் சீமைக்குத் தெரியும். ஜங்கமம் என்றால் அசைவது, ஓரிடத்தில் நிற்காதது. அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் தரையில் குழி தோண்டி, அதில் காலை விட்டு, தலைமுறை தலைமுறையாக அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

தறிச் சத்தத்தைக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். தெரு அமைதியாக இருந்தது. பாதித் தெரு நடந்த பிறகு ஒரு வீட்டில் மட்டும் கேட்டது. பெட்டித் தறியின் படபடப்பு இல்லை. தட்... நிறுத்தம்... தட் தட்... நிறுத்தம். வாசலில் பெண்மணி ஒருவர் ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். மூட்டையை இறக்கி விஷயத்தைச் சொன்னேன். "உள்ளே வாருங்கள் அம்மிணி. அவர் ஒரு நிறம் முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்" என்றார்.

உள்ளே கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. அதிலிருந்து விழுந்த வெளிச்சம், தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய பாவு நூலின்மேல் சதுரமாகக் கிடந்தது. தரையில் நீளவாட்டில் குழி. குழியின் விளிம்பில் பெரியவரும் இன்னொருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் மிதியில் வைத்திருந்தார்கள். அகலமான ஜமக்காளத்துக்கு ஓர் ஆளின் கை எட்டாது, அதனால் இரண்டு பேர். பெரியவர் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவைக் கையாலேயே உந்துகிறார், அது பாவுக்கு நடுவே வழுக்கிப் போகிறது, மற்றவர் பிடிக்கிறார். இருவரும் அச்சை இழுத்து அடிக்கிறார்கள். தட். மிதி மாறுகிறது. நாடா திரும்பி வருகிறது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. பாவு நூல் வெளியே தெரியாதபடி ஊடை என்ற குறுக்கு நூல் அதன்மேல் நெருக்கமாக உட்கார்கிறது; ஜமக்காளத்தின் நிறம் எல்லாம் ஊடையின் நிறம். சிவப்பு முடிந்து பச்சை தொடங்க வேண்டிய இடத்தில் பெரியவர் நிறுத்தி, நான்கு விரலை வைத்து அளந்தார். அளவுகோல் பக்கத்திலேயே கிடந்தது. தொடவில்லை.

நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தபோது அவர்கள் இருவரின் தலையும் என் இடுப்புக்குக் கீழே இருந்தது. கொங்கு நாட்டில் இந்தப் பொருளின்மேல் உட்காராத மனிதர் இருக்க முடியாது. பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்தது, கல்யாணச் சடங்கில் உருமால் கட்டும்போது விரித்தது, இணைச்சீருக்கு விரித்தது, பங்காளிகள் பாகம் பிரிக்க உட்கார்ந்து விடிய விடியச் சண்டை போட்டது, இழவு வீட்டில் ஆண்கள் வாசலில் உட்கார்ந்து பேச்சற்று மண்ணைப் பார்த்தது எல்லாம் இதன்மேல்தான். உட்கார்ந்தவர்கள் ஒருவரும் குனிந்து அதைப் பார்த்ததில்லை. நானும்தான்.

பெரியவர் மேலே வந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மூட்டையை அவிழ்த்தார். விரிக்கவில்லை. முதலில் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் பிடித்து, நீளம் முழுக்கத் தடவிக்கொண்டே போனார், பிள்ளையின் முதுகெலும்பைப் பார்க்கும் வைத்தியர் மாதிரி. "கைத்தறிதான். நம் ஊர் நெசவுதான்" என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "ஓரம் ரொம்ப நேராக இருந்தால் சந்தேகப்பட வேண்டும். இது பாருங்கள், இங்கே கொஞ்சம் உள்ளே போகிறது. சோறு தின்று வந்து உட்கார்ந்த இடமாக இருக்கும்" என்றார். அவர் மனைவி ராட்டையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

விசைத்தறிப் பேச்சு தானாக வந்தது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டியவை என்று இன்றைக்கு 11 வகைத் துணிகளை ஒதுக்கி வைத்திருக்கிறது, ஜமக்காளம் அதில் ஒன்று. 2005-06இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் வெளியூரில் விசைத்தறியில் ஓட்டிய விரிப்பு 'பவானி' என்ற பெயரில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. பெரியவரின் கோபம் முழுக்க அதன்மேல்தான். எனக்கு வேறு ஓர் ஆள்மேல் சந்தேகம். பிளாஸ்டிக் நாற்காலி. எங்கள் ஊரில் கடைசியாக எப்போது ஜமக்காளம் விரித்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அப்பா இறந்தபோதுகூடச் சாமியானா கடைக்காரர் அரை மணி நேரத்தில் நூறு நாற்காலிகளை இறக்கிவிட்டுப் போனார். முழங்கால் மடக்க முடியாத தலைமுறை ஆகிவிட்டோம். அம்மாவே தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. விசைத்தறிக்காரன் இவர்கள் பொருளைத் திருடினான். நாற்காலிக்காரன் அந்தப் பொருளுக்கான தேவையையே எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன்மேல் எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

இதை அப்படியே பெரியவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்கள் வீட்டிலும் நான்கு நாற்காலி இருக்கிறது அம்மிணி" என்றார்.

மகன் பெருந்துறைப் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிறான். மாதம் பிறந்தால் சம்பளம். தறியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மகன் இல்லை, இரண்டு தெரு தள்ளிய சொந்தக்காரர். அவருக்குக் காய்ச்சல் வந்தால் பெரியவருக்கும் வேலை இல்லை. ஒற்றை ஆளாக நெய்யும் சின்ன விரிப்பும் பையும் நெய்யலாம். நெசவாளர் சங்கத்தில் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள் என்றார். ஜமக்காளத்தைப் பையாக வெட்டி விற்பது நல்ல யோசனைதான் என்று எனக்குப் புத்தி சொல்கிறது. மனசு ஒப்பவில்லை. பத்துப் பேர் உட்கார்ந்த அகலம் தோளில் தொங்கும் அளவுக்குச் சுருங்குவது என்னவோ போலிருக்கிறது.

சுவரில் இரண்டு கரிக்கோடுகள் இருந்தன. கதவு நாதாங்கிக்குச் சற்றுக் கீழே ஒன்று, இரண்டு விரல் மேலே இன்னொன்று. பக்கத்தில் 2018, 2022 என்று எழுதியிருந்தது. இரண்டும் ஆகஸ்ட் மாதத்து வெள்ளம். கர்நாடகத்தில் மழை கொட்டி, மேட்டூர் நிரம்பி, இரண்டு லட்சம் கன அடி திறந்துவிட்ட நாட்கள். இந்தத் தெருவில் கன அடிக் கணக்கு எல்லாருக்கும் தெரியும். மற்ற ஊரில் பவுன் விலை கேட்பதுபோல இங்கே காலையில் எழுந்ததும் மேட்டூரில் எவ்வளவு திறந்திருக்கிறான் என்று கேட்பார்கள். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஆறு அடங்கிவிட்டது என்று பாடத்தில் படித்தவள் நான். அணை நிரம்பும்வரைதான் அடக்கம். நிரம்பிவிட்டால் வந்ததையெல்லாம் அப்படியே கீழே அனுப்பத்தான் முடியும், கீழே முதல் வரிசையில் பவானி.

"தண்ணீர் வாசல் வழியாக வருவதற்கு முன்னால் குழி வழியாக வந்துவிடும்" என்றார் அவர் மனைவி. எனக்குப் புரியவில்லை. குழியருகே அழைத்துப்போய்க் காட்டினார். அடியில் மண் இன்னும் கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது. ஆற்றில் தண்ணீர் ஏற ஏற, தெரு காய்ந்து கிடக்கும்போதே தறிக்குழியில் ஊற்று எடுக்கும். காலில் சில்லென்று பட்டதும் நெய்கிறவர் எழுந்துவிடுவார். மிதியைக் கழற்று, பாவைச் சுருட்டு, நூலைப் பரண்மேல் ஏற்று. அதற்குப் பிறகுதான் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும், பள்ளிக்கூடத்தில் தங்க வைப்பார்கள், மந்திரி வருவார், சோறு வரும். வெள்ளம் வடிந்து வந்து பார்த்தால் குழி நிறைய வண்டல். 2022இல் கூடை கூடையாக அள்ளி வாசலில் கொட்டியதில் அவரை விதை ஏதோ முளைத்துக் காய்த்ததாம். "அந்த வருடம் நெய்ததைவிட அவரைக்காய் பறித்ததுதான் அதிகம்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு வராத இடத்தில் சிரிக்கிறவர்களிடம் நான் என்ன சொல்வது என்று தெரியாமல் எப்போதும் தடுமாறுவேன். அவரைக்காய் நன்றாக இருந்ததா என்று கேட்டேன். நன்றாக இருந்ததாம்.

பெரியவர் இதற்குள் ஜமக்காளத்தின் இரண்டு ஓரங்களில் தளர்ந்த நூலைச் சேர்த்து முடிந்து முடித்திருந்தார். மூலைக்கு வந்தார். "இந்தத் துணியைப் பிரித்தால்தான் அடியில் ஓரம் கட்ட முடியும்" என்றார்.

எனக்குச் சின்னப் படபடப்பு. பிரியுங்கள் என்றேன். அடியில் எங்கள் அப்பிச்சி பெயர் எழுத்து இருக்கும், ந.கு. என்று, அவர் இங்கேயே வந்து சொல்லி நெய்தது, உங்கள் அப்பா நெய்ததாகக்கூட இருக்கலாம் என்று சரமாரியாகச் சொல்லிக்கொண்டே செல்போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாரானேன். அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். பிளேடு நுனியால் ஒவ்வொரு தையலாக அறுத்தார். அப்பத்தாவின் தையல் நெருக்கமானது. கோணி தைக்கும் ஊசியும் இரட்டை நூலும். கடைசிப் பக்கம் மட்டும் விட்டு, துணியைப் புத்தகம் மாதிரி புரட்டினார்.

மூலை நைந்திருக்கவில்லை.

சூரியனையும் சோப்பையும் நாற்பது வருடமாகப் பார்க்காத நிறம் அப்படியே இருந்தது. சிவப்பு, சிவப்பாக. வீட்டில் நாங்கள் சிவப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பது உண்மையில் செங்கல் நிறம் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதன் நடுவில், மஞ்சள் நூலில், விரல் நீளத்துக்கு இரண்டு எழுத்துகள். செ.ப.

பெரியவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்கள் அப்பிச்சி பெயர் என்ன சொன்னீர்கள்?"

சொன்னேன். எங்கள் வீட்டில் இரண்டு பக்கத்திலும் செ.ப. கிடையாது. அவர் மனைவி ராட்டையை விட்டு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். அவருக்குத்தான் முதலில் விளங்கியது. "இழவு வீட்டுக்குப் போய் மாறி வந்திருக்கும்" என்றார். முன்பெல்லாம் ஒரு வீட்டில் சாவு என்றால் ஊரில் பத்து வீட்டு ஜமக்காளம் அங்கே போகும். பதினாறு நாள் முடிந்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கிணற்றடியில் அலசி, அவரவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். ஒரே ஊரில் நெய்தது, ஒரே மாதிரி பட்டை. எழுத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். பார்க்கிறவர் படிக்கத் தெரியாதவராக இருந்தால், முடிந்தது. இதற்காகத்தான் எழுத்துப் போடுவது, அப்படியும் இது நடக்கும் என்றார் பெரியவர். ஓர் அண்ணன் தம்பி இதனாலேயே பேச்சுவார்த்தையை நிறுத்திய கதை ஒன்றும் சொன்னார், அது நீளம்.

நான் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பத்தாவுக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் வந்தது தன் வீட்டுப் பொருள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மருமகள் பிறந்த வீட்டுச் சீர். அது தொலைந்தது தெரிந்தால் என்ன நடந்திருக்கும்? அம்மா அழுதிருப்பார். அப்பிச்சி காதுக்குப் போயிருக்கும். சம்பந்திகளுக்குள் ஒரு வார்த்தை வந்திருக்கும், ஒரு வார்த்தை பத்தாகியிருக்கும். அப்பத்தா ஒருவரிடமும் சொல்லவில்லை. தாத்தாவின் கிழிந்த சட்டையை எடுத்து, எழுத்தின்மேல் வைத்து, கோணி ஊசியால் நாலு பக்கமும் அடைத்துவிட்டார். நைந்துபோயிற்று என்று மருமகளிடம் சொன்னார். அது மருமகள்மேல் இருந்த பாசமா, சம்பந்தி வீட்டுமேல் இருந்த பயமா என்று இப்போது கேட்க வழி இல்லை. அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் ஆகாது. கடைசிவரை ஆகவில்லை. அப்பத்தா ஒருநாளும் மருமகளான தனக்காக எதையும் பரிந்து செய்ததில்லை என்பது அம்மாவின் நிரந்தர வழக்கு.

ந.கு. போட்ட ஜமக்காளம் வேறு ஏதோ ஒரு வீட்டில் இருக்கலாம். அல்லது நாய் படுக்க விரித்து, கிழிந்து, குப்பைக்குப் போயிருக்கலாம். செ.ப. யாரென்று காங்கயத்துப் பக்கம் விசாரித்தால் கண்டுபிடித்துவிடலாம் என்றான் தம்பி, அன்று இரவு. வாயை மூடிக்கொண்டிரு என்றேன். அம்மா நான் எழுதுவதைப் படிப்பதில்லை, அவர் செல்போனில் பார்ப்பதெல்லாம் கோலமும் கைவைத்தியமும்தான். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். படிக்கிற சொந்தக்காரர்கள் தயவுசெய்து ஊர்ப்பக்கம் பேச வேண்டாம்.

பெரியவர் மூலையின் ஓரத்தைக் கட்டி முடித்தார். பழைய நூலுக்கு இணையான சிவப்பு அவரிடம் இல்லை. இப்போது வருகிற சாயத்தில் அந்த நிறம் விழுவதில்லை என்றார். கறுப்பு நூலில் கட்டினார். பிறகு அந்தச் சட்டைத் துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அங்கங்கே சல்லடை. "இது வேண்டாம் அம்மிணி, தாங்காது. நல்ல துணி ஒன்று வைத்துத் தரவா? இல்லை, எழுத்து தெரிகிற மாதிரி அப்படியே விட்டுவிடட்டுமா?"

அதே துணியை வைத்தே தையுங்கள் என்றேன். நாலு பக்கமும், நெருக்கமாக.

அவர் மறுபேச்சு பேசாமல் ஊசியைக் கேட்டு வாங்கினார். அவர் மனைவி நூலைக் கோத்துக் கொடுத்தார், இரட்டையாக. கூலியாக அவர் சொன்ன தொகை எனக்குச் சங்கடமாக இருந்தது. கொஞ்சம் கூட்டிக் கொடுத்ததற்கு வாதம் செய்து, கடைசியில் ஓர் இரட்டைப் பட்டைச் சின்ன விரிப்பை விலைக்கு வாங்கிக்கொள்ளும் சமாதானத்துக்கு வந்தோம்.

மூன்றாவது பக்கம் தைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா அழைத்தார். திதி நன்றாக நடந்ததா, தம்பி சாப்பிட்டானா, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா. பிறகு, இதற்காகத்தான் அழைத்தேன் என்று காட்டிக்கொள்ளாத குரலில், "அந்த மூலையைப் பிரித்தார்களா? எங்கள் அப்பா எழுத்து தெரிகிறதா?" என்று கேட்டார்.

"பிரிக்கவில்லை அம்மா. பிரித்தால் நூல் எல்லாம் கூடவே வந்துவிடுமாம்" என்றேன்.

பெரியவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.